எலும்பு கூடும், நேராய்க் கூடுமா?

தெல்தெனியவுக்கு வடக்கே வானளாவி நிற்கும் மலைத்தொடருக்குத் தும்பறை மலை என்று பெயர். ஆங்கிலேய நில அளவையாளர் அதற்கு இட்ட பெயர் வேறு. இறுக மூடிய கையில் விரல் மொழிகள் வரிசையாகப் புடைத்து நிற்பது போல் அச்சிகரங்கள் அவர்கள் கண்ணுக்குத் தோன்றினவாம். ஆகவே விரல் மொழி எனப் பொருள்படும் ‘நக்கிள்ஸ்’ என்னும் பெயரைச் சூட்டிவிட்டனர். 2010 ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இம்மலைத்தொடரும் அதனுள் அடங்கிற்று. எலும்பையும் மூட்டையும் பற்றி எழுதப் புகுந்த நாம் மலையிலிருந்து தொடங்குவதற்கு அப்பெயர் மாத்திரம் காரணமன்று. அம்மலைச் சாரலிலிருந்து இறங்கிய பஸ் வண்டி ஒன்றிலேதான் இக்கட்டுரைக்குரிய விஷயம் நமக்குக் கிடைத்தது.

ரங்கலைப் பக்கத்திலிருந்து காலைப் பஸ்ஸில் தெல்தெனியவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தோட்டச் சந்தி ஒன்றில் முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் ஏழு வயது மதிக்கத்தக்க பேரனுடன் ஏறினர். பையனின் வலக்கை, தோளுக்குச் சற்றுக் கீழிருந்து உள்ளங்கை வரையில், மூங்கில் தப்பைகள் வைத்துப் பழஞ்சேலைக் கிழிசலால் வரிந்து கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் அழகாகவே கட்டியிருந்தார். சுற்றுக்குச் சுற்று ஒழுங்கு தவறவில்லை. விரல் நுனிகள் மாத்திரம் வெளியே தெரிந்தன. பிள்ளை அழவில்லை. அழுது ஓய்ந்த முகம் என்பது பார்த்தவுடன் விளங்கிற்று.

முன் ஆசனத்தில் தாதி ஒருவர் அமர்ந்திருந்தார். தெல்தெனிய வைத்தியசாலைக்கு வேலைக்குப் போகிறவர். அவர் திரும்பிப் பார்த்தார்; எழுந்து வந்து பையன் அருகில் அமர்ந்தார்.

“இதக் கட்டினது யாரு தாத்தா? எப்பக் கட்டினது?”

“நேத்துப் பொழுது சாயிற நேரம், மிஸ்ஸி. கொய்யா மரத்துல இருந்து கைய ஊனி விழுந்துட்டான். பக்கத்து லயத்துல ஒருத்தரு கட்டிவிட்டாரு. நல்லாத்தான் கட்டினாரு. ஆனா விடிய விடியப் பய தூங்கல. கடுக்குது, கடுக்குதுன்னே கெடந்தான்.”

தாதி அதற்கு மறுமொழி கூறவில்லை. பையனின் சுட்டுவிரல் நகத்தை மெல்ல அழுத்தி விட்டார். சுகமாயிருக்கும் கையில் அப்படி அழுத்தி விட்ட நகம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவந்துவிடும். இந்த நகமோ வெளுத்தது வெளுத்தபடியே நின்று, நெடுநேரஞ் சென்றபின் சிறிது நிறங் கொண்டது. “வெரல நீட்டு தம்பி” என்றார். அவனால் நீட்ட இயலவில்லை. தாமே ஒரு விரலைப் பற்றி மயிரிழையளவு நிமிர்த்தினார். பிள்ளை வீரிட்டான்.

“தாத்தா, ஒங்ககிட்டக் கத்தி ஏதும் இருக்கா?”

முதியவர் மடியிலிருந்து சிறு கத்தி ஒன்றை எடுத்தார். நாற்பது ஆண்டு காலம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய கை அது என்பதைப் பின்னர் அறிந்தோம். மலைப்பாதையில் வண்டி குலுங்கிக்கொண்டிருக்க, தாதி கையை அசையாமல் ஏந்திப் பிடிக்க, முடிச்சு முடிச்சாக அறுத்துக்கொண்டு போனார். கத்தி ஓரிடத்திலும் தோலைத் தொடவில்லை. கட்டு முழுவதும் விலகியபோது முழங்கை பனங்காய் போல் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. கையை இழுக்கவோ நிமிர்த்தவோ முயலாமல், இருந்தபடியே மடித்த சால்வையின் மேல் வைத்து, தளர்வான தூளி ஒன்றில் ஏந்தினார் தாதி. சாரதி இடையிலே எங்கும் நிறுத்தவில்லை. ஏற நின்றவர்கள் ஏசியிருப்பார்கள். தெல்தெனியவை அடையுமுன் நகம் சிவந்துவிட்டது. அப்பொழுதுதான் தாதியின் முகத்திலும் சற்றுத் தெளிவு பிறந்தது.

கட்டின் இறுக்கம்

எலும்பு முறிந்தால் கட்டவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டே கையைக் கெடுக்கக் கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

முன்கையின் தசைகள் நெகிழ்ந்து கொடாத உறைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. அடிபட்ட இடம் உடனே முழுதாக வீங்கிவிடுவதில்லை. வீக்கம் இரவு முழுவதும் ஏறிக்கொண்டே போகும். மாலையில் அளவாக இருந்த கட்டு நள்ளிரவில் நெருக்கும். விடியற்காலையில் குரல்வளையைப் பிடிப்பதுபோற் பிடிக்கும். உறைக்குள் அமுக்கம் ஏற ஏறத் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைந்துகொண்டே வரும். இரத்தம் அறவே தடைப்பட்டு ஆறு மணி நேரம் சென்றால் தசை மடியத் தொடங்கிவிடும். மடிந்த தசை தழும்பாகிச் சுருங்க, மணிக்கட்டு வளைந்து, விரல்கள் பருந்தின் உகிர் போல் மடங்கி நின்றுவிடும். 1881 ஆம் ஆண்டிலே இந்த ஊனத்தை விரிவாக எடுத்துரைத்தவர் வொல்க்மன் என்னும் ஜெர்மானியச் சத்திரவைத்தியர். இறுகக் கட்டிய கட்டுக்களையே அவர் குற்றஞ்சாட்டினார். இன்றும் இவ்வூனத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஒருமுறை வந்துவிட்டால் எத்தனை சத்திரசிகிச்சை செய்தாலும் கை பழைய கையாவதில்லை. நம் பையனின் கையில் இரத்த ஓட்டம் குறைந்திருந்ததேயன்றி அற்றுப்போகவில்லை. இன்னும் சில மணி நேரம் அக்கட்டு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே நமக்கு மனம் வரவில்லை.

இது மேனாட்டார் மாத்திரம் கண்ட உண்மையும் அன்று. ஆயுர்வேத மூலநூல்களுள் ஒன்றாகிய சுசுருத சங்கிதையிலே, கட்டுத் தளர்ந்தால் மூட்டு நிலைபெறாது என்றும், இறுகினால் வீக்கமும் வலியும் உண்டாகிச் சீழ் பிடிக்கும் என்றும் கூறப்பட்டிருக்கிறது. குளிர்காலமானால் ஏழு நாளைக்கு ஒருமுறையும், இடைப்பட்ட காலமானால் ஐந்து நாளைக்கு ஒருமுறையும், வெயிற்காலமானால் மூன்று நாளைக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்டவேண்டும் என்ற கணக்கும் அங்கு உண்டு. பக்கத்து லயத்துக்காரர் தப்பை வைக்கக் கற்றிருந்தார். நுனி விரலைப் பார்க்கக் கற்கவில்லை. அவர் மனத்திலே கெடுதல் ஏதும் இருந்ததாக நாம் நினைக்கவில்லை. அந்த இராவேளையில் அக்குடும்பத்துக்குத் துணை நின்றவர் அவர் ஒருவரே.

தாத்தாவின் முழங்கை

கதிர்ப்படம் எடுப்பதற்குப் பையனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வைத்தியசாலை விறாந்தையில் முதியவரும் நாமும் நின்றோம். பேச்சோடு பேச்சாக அவர் தம் சட்டைக் கைகளைச் சுருட்டி, உள்ளங்கை வெளியே தெரிய இரு கைகளையும் முன்னே நீட்டிக் காட்டினார்.

வாசகர்களும் ஒருமுறை அவ்வாறு நீட்டிப் பார்க்கலாம். முழங்கையிலிருந்து கீழ்ப்பகுதி உடலைவிட்டுச் சற்றே வெளிப்புறமாக விலகிச் செல்வது தெரியும். முதியவரின் வலக்கை அப்படித்தான் இருந்தது. இடக்கையோ முழங்கையிலிருந்து உட்புறமாகச் சாய்ந்திருந்தது. துப்பாக்கியின் பிடிக்கட்டை போல என்று வைத்திய நூல்கள் உவமை கூறும் கோணல் இதுவே.

“எனக்கு எட்டு வயசு இருக்கும் ஐயா. பழைய தெல்தெனியச் சந்தைக்கு அப்பா கூட்டிட்டு வந்தாரு. அங்க ஒரு பலா மரம். ஏறினேன், விழுந்தேன். பக்கத்துலேயே ஒரு வெதமாத்தையா வீடு. எண்ண போட்டு, எல வச்சுக் கட்டி, ஒரு மாசம் வச்சிருந்தாரு. வலி போச்சு, கை கூடிருச்சு. கோணிக்கிச்சு, அவ்வளவுதான். கவ்வாத்து வெட்ட அது ஒண்ணும் தடையில்ல. பொண்ணு பாக்கப் போனப்பத்தான் நீட்டுக் கைச் சட்ட போட்டுக்கிட்டுப் போனேன்.”

பக்கத்தில் நின்ற மூதாட்டியார் சிரித்துவிட்டார். அன்றுதான் நாம் அவர் சிரிக்கக் கண்டது.

அந்தச் சந்தையும் பலா மரமும் வெதமாத்தையாவின் வீடும் இன்று இல்லை. மகாவலியின் குறுக்கே 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை கட்டப்பட்டு, 1985 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. இப்பொழுதுள்ள நகரம் மேட்டிலே புதிதாக அமைக்கப்பட்டது. கோடை கடுமையான ஆண்டுகளில் நீர் வற்றும்போது பழைய நகரின் அத்திவாரங்கள் தலைகாட்டும்.

ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே எலும்பு ஒரே இடத்தில் முறிந்திருந்தது. மேற்கை எலும்பின் அடிப்பாகத்தில், முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, எலும்பு தகடு போல் மெலிந்திருக்கிறது. ஐந்து வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் முறிவது அவ்விடமே. தாத்தாவின் முறிவும் கூடிற்று. ஆனால் கோணலாய்க் கூடிற்று.

இங்கேதான் நம் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. முறிந்த எலும்பை வைத்தியர் ஒட்டவைப்பதில்லை; எலும்பு தானே கூடுகிறது. முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது மெத்தென்ற இணைப்பாக மாறுகிறது. பின்னர் சுண்ணச்சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், உடம்பு அதனை இழைத்து இழைத்து உருத்திருத்துகிறது. வளர்ந்தவர்க்குக் கையெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரமும், தொடையெலும்பு போன்ற காலெலும்பு கூட ஏறக்குறைய மூன்று மாதமும் செல்லும். சிறு பிள்ளைகளுக்கு அதிற் பாதி போதும். எலும்புக்குக் கூடத் தெரியும். நேராய்க் கூடத் தெரியாது. எந்நிலையில் விடப்பட்டதோ அந்நிலையிலேயே கூடிவிடும். நேராக்கி, நேராகவே தாங்கிப் பிடித்து, கூடிய பின் அசையப் பழக்குவது மாத்திரமே மனிதர் செய்யும் வேலை.

நேர் என்பது தான் என்ன? குச்சியை நிமிர்த்துவது போன்ற காரியம் அன்று அது. முதலாவது, நீளம் குறையக் கூடாது. தசைகள் இழுப்பதால் முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அடுத்தது, கோணல் இருக்கக் கூடாது. மூன்றாவதாகிய முறுக்குத்தான் கண்ணை ஏமாற்றுவது. நீட்டிய விரலில் முறுக்குத் தெரியாது. முட்டி மடித்துப் பாருங்கள்: சுட்டுவிரல் முதற் சிறுவிரல் வரை நான்கும் பெருவிரலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்து ஒன்றுகூடும். முறிந்து முறுக்கிக் கூடிய விரல் மாத்திரம் அடுத்த விரலின் மேலே ஏறிக் கொள்ளும். சண்டையிலே சுவரைக் குத்தினவன் கையில் இன்னொன்றும் காணலாம். மடித்த முட்டியில் ஒரு மொழி அமுங்கிப் போயிருக்கும். நக்கிள்ஸ் மலையில் ஒரு சிகரம் காணாமற் போனது போல.

பிள்ளைகளின் எலும்பு வளர்கிற எலும்பாதலால் சிறு கோணலைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் எங்கும் உண்மையன்று. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் நூற்றுக்கு எண்பது பங்கு தோட்பக்க முனையிலும், இருபது பங்கே முழங்கைப் பக்க முனையிலும் நிகழ்கிறது. ஆகவே தோள் அருகே முறிந்தால் ஓரளவு கோணலை வளர்ச்சி நிரப்பிவிடும். முழங்கை அருகே முறிந்தால் நிரப்பாது. முறுக்கையோ எந்த வயதிலும் உடம்பு நன்கு திருத்துவதில்லை. எட்டு வயதில் ஏற்பட்ட கோணல் எழுபதைக் கடந்த பின்னும் நம் முன்னே நீண்டு நின்ற காரணம் இதுவே.

பழையவர் அறிந்ததும் அறியாததும்

மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் ‘கெடும் பிந்தும்’ என்னும் முறிவு நெரிவு வைத்தியம் தந்தை வழியாக மைந்தர்க்கு வருவது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் பின் இத்தகைய பரம்பரை வைத்தியர்களுக்குப் பதிவும் உண்டு. யாழ்ப்பாணத்தார் ‘புக்கை கட்டுதல்’ என்பர். ஒட்டகப்புலம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டாலே பழையவர்களுக்குப் புக்கையின் நினைவு வரும். தமிழகத்திலோ புத்தூர்க் கட்டு. அந்தப் புத்தூர் ஆந்திர நாட்டிலே திருப்பதிக்கு அணித்தாக உள்ளது. பச்சிலைச் சாந்தும் முட்டையின் வெண்கருவும் மூங்கில் தப்பையும் துணியும் கொண்டு கட்டுவார்கள்.

இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்படோம். சுசுருதர் எலும்பு முறிவைப் பன்னிரு வகையாகவும் மூட்டு விலகலை அறுவகையாகவும் பகுத்தவர். இழுத்தல், அமுக்குதல், பொருத்துதல், கட்டுதல் என்று நேராக்கும் முறையை வகுத்தவர். அத்தி, அரசு, ஆல், மருது, மூங்கில் முதலியவற்றின் பட்டைகளைத் தப்பையாகக் கொள்ளச் சொன்னவர். காலொடிந்தவனைப் பலகையிற் கிடத்தி முளையடித்து அசையாமற் கட்டச் சொன்னவரும் அவரே.

மேனாட்டு எலும்பு வைத்தியமும் வானத்திலிருந்து குதித்ததன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தோமஸ் என்னும் டாக்டர் (1834–1891) இருந்தார். அவர் தந்தையார் பட்டமில்லாத நாட்டு எலும்பு வைத்தியர். டாக்டர்கள் தொடுத்த வழக்குகளால் அல்லலுற்ற அத்தந்தை, தம் மைந்தர் ஐவரையும் வைத்தியக் கல்லூரிக்கே அனுப்பிவிட்டார். தந்தையின் கைப்பழக்கமும் கல்லூரியின் படிப்பும் ஹியூவினிடத்தில் ஒன்றாயின. தொடையெலும்பு முறிந்த காலை இழுத்து நேராகத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். உயிரோடிருந்தபோது அதனை மதித்தவர் சிலரே. முதல் உலக யுத்தத்தில் அவருடைய மருமகன் முறையான ரொபர்ட் ஜோன்ஸ் அதனைப் போர்முனைக்குக் கொண்டுசென்றார். அதற்கு முன்பு தொடையெலும்பு முறிந்த போர்வீரரில் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டனர். பின்பு இறப்பு ஏறக்குறைய இருபதாகக் குறைந்தது என்று பதிவு செய்துள்ளனர். புதிய மருந்தொன்றாலும் நேர்ந்ததன்று அது. முறிந்த காலை நேராக, அசையாமல் வைத்ததால் நேர்ந்தது.

பாரிஸ் சாந்து தடவிய துணியால் கட்டும் வழக்கம் 1851 இல் மதைசன் என்னும் ஒல்லாந்து இராணுவ டாக்டரால் தொடங்கியது. அதற்கு முன்னமே, 1814 இல், டப்ளின் நகரத்துக் கொலிஸ் என்பார் மணிக்கட்டு முறிவு ஒன்றைத் தடவிப் பார்த்தே வகுத்து எழுதினார். விரல் நுனியின் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வீங்கிய முழங்கையில் எந்த எலும்பு எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை எத்தகைய கைராசிக்காரரும் தடவி அறிதல் அரிது. 1895 நவம்பர் 8 ஆம் நாள் ரொண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டபின்னர், தோலுக்கு உள்ளே இருப்பதைக் கண்ணால் கண்டு நேராக்கவும், நேராகிற்றா என்று மறுபடி பார்க்கவும் வழி பிறந்தது. பழைய தெல்தெனியவின் வெதமாத்தையாவிடம் இல்லாதிருந்தது இது ஒன்றே. நல்ல எண்ணமும் நல்ல எண்ணெயும் அவரிடம் இருந்தன.

எலும்பு வைத்தியத் துறைக்கு மேனாட்டார் இட்ட பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1741 இல் நிக்கொலாஸ் ஆந்திரி என்னும் பிரெஞ்சு வைத்தியர் ‘நேர்’, ‘பிள்ளை’ என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஓர்த்தோபீடி’ என்னும் சொல்லை ஆக்கினார். பிள்ளைகளின் உடற்கோணலைத் தவிர்ப்பது பற்றிய அவருடைய நூலிலே ஒரு படம்: கோணிய மரமொன்று கொம்பு நட்டுக் கயிற்றாற் கட்டப்பட்டு நிற்கிறது. இன்றும் எலும்பு வைத்தியர் சங்கங்கள் பலவற்றின் முத்திரை அதுவே. விறாந்தையில் நின்றபடி இப்படத்தைப் பற்றி முதியவரிடம் சொன்னோம்.

“சரியாத்தான் போட்டிருக்காரு. கன்னா இருக்கையிலேயே கட்டிரணும். ஆனா கயித்த இறுக்கினா பட்ட வெட்டி மரமே பட்டுப்போகும். அப்பப்ப அவுத்து அவுத்துக் கட்டணும்” என்றார்.

சுசுருதரை அவர் படித்தவரல்லர்.

கண்டியிலே நடந்தது

பையனை அன்றே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினர். பாட்டியார் விடியற்காலையிலேயே அவனுக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டிருந்தபடியால் மயக்க மருந்து கொடுக்கச் சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதற்கிடையில் டாக்டர் ஒருவர் அவனோடு விளையாடினாராம். முட்டி மடிக்கச் சொன்னார், விரல்களை விரிக்கச் சொன்னார், கத்தரி போல் இரண்டு விரலைப் பிரிக்கச் சொன்னார், பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையம் பிடிக்கச் சொன்னார். பிள்ளைக்கு அது விளையாட்டு. டாக்டருக்கு நரம்புச் சோதனை. முழங்கை வழியே கைக்குச் செல்லும் நரம்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அசைவுக்குரியன. அவன் வளையம் பிடித்தானாம். தாத்தா இதைப் பலமுறை சொன்னார்.

மயங்கிய நிலையில், கதிர்ப்படத் திரையைப் பார்த்துக்கொண்டே கையை இழுத்து எலும்பை நேராக்கி, தோலின் வழியாக இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிலைநிறுத்தினார்கள். முழுச் சுற்றுச் சாந்துக் கட்டுப் போடவில்லை. வீக்கத்துக்கு இடம் விட்டு ஒருபக்கச் சாந்துப் பலகை மாத்திரம் வைத்தார்கள். நான்காம் வாரத்தில் கம்பிகளை எடுத்தார்கள்.

அதன் பின்னர்தான் இன்னொரு சிக்கல் எழுந்தது. கை முழுதாக நீளவில்லை. உறவினர் ஒருவர் எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டால் நீண்டுவிடும் என்றார். மூதாட்டியார் எண்ணெயும் காய்ச்சிவிட்டார். நல்ல வேளையாக, தாதியிடம் கேட்டுவிட்டுத் தேய்ப்போம் என்று முதியவர் சொன்னார். அடிபட்ட முழங்கையை வலிந்து இழுத்துத் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிடக் கூடும். பிள்ளை தானாக ஆட்டி, தானாக விளையாடி நீட்டுவதே போதுமானது; மாதங்கள் செல்லும், பொறுமை வேண்டும். வளர்ந்தவர்க்கு நீண்ட பயிற்சி வேண்டியிருந்தால், இப்பகுதியார்க்குத் திகனவிலே புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்று இருக்கிறது.

வீட்டார் செய்யத்தக்கது

மலைத்தோட்டங்களிலே மழைக்காலத்தில் வழுக்கி விழாத நாளில்லை. பெரிய வைத்தியசாலையோ தொலைவில். ஆகவே அந்த முதல் ஒரு மணி நேரம் வீட்டார் கையிலேதான் இருக்கிறது. கோணியிருக்கும் கையையோ காலையோ நேராக்க முயல வேண்டாம். இருந்தபடியே, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுக்கள் அசையாதபடி, பலகையோ மடித்த பத்திரிகையோ வைத்துத் தளரக் கட்டினாற் போதும். காப்பு, மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். விரல் நுனிகளை மூடலாகாது. உண்ணவும் பருகவும் கொடுக்கலாகாது. கதறும் பிள்ளைக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்காதிருப்பது பாட்டிமாருக்கு எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம், ஆயினும் கொடுக்கலாகாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி உடனே புறப்படவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும்.

மூட்டு விலகினால் இழுத்து விடுவதற்கு ஊருக்கு ஒருவர் இருப்பார். தோள் விலகலோடு எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம். பாராமல் இழுத்தால் நரம்பு போகும். இடுப்பு மூட்டு விலகினால் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தவேண்டும். தவறினால் தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு அது பின்னாளில் நொறுங்கிப் போகும் அபாயம் மிகும்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பின்னும் அந்தத் தாதி செய்த மூன்றையும் செய்து பார்த்துக்கொள்ளலாம்: நகத்தை அழுத்திப் பாருங்கள், விரலை நீட்டச் சொல்லுங்கள், மரத்துப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். முதல் இரண்டு நாளும் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருங்கள். மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். “வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்” என்று பிள்ளைக்குச் சொல்வது மற்றெல்லா வேளைகளிலும் நல்ல புத்தி. இந்த வேளையில் அன்று.

சில மாதங்கள் கழித்து, நீர் வற்றியிருந்த காலத்தில், நாம் மறுபடி அவ்வழியே சென்றோம். நீர்த்தேக்கத்தின் விளிம்பிலே பழைய நகரின் எச்சங்களைப் பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. அக்கூட்டத்தில் மூவரையும் கண்டோம். பையன் நம்மை மறந்திருந்தான். தாத்தா சொல்லவும், உள்ளங்கை தெரிய இரு கைகளையும் நீட்டினான். வலமும் இடமும் ஒன்றுபோல் இருந்தன. முழங்கை ஓரத்திலே கம்பி புகுந்த வடு இரண்டு புள்ளியாகத் தெரிந்தது.

முதியவர் தம் கோணிய கையை நீட்டிச் சேற்றுத் தரைக்கு அப்பால் காட்டினார்.

“அந்தா தெரியுதே கல்லுக்கட்டு, அதுக்கு அங்கிட்டுத்தான் ஐயா பலா மரம். அதுக்கு ஒட்டினாப்புலதான் வெதமாத்தையா வீடு.”

“மரம் எம்புட்டு ஒசரம் தாத்தா?” என்று கேட்டான் பேரன்.

பாட்டியார் அவன் காதைப் பிடித்தார்.